ஹார்னிப் பள்ளத்தாக்கில் அணில் வேட்டை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு ஓரத்தில் ஆரிகன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தென்கிழக்கு மூலையில் ஹார்னி என்று ஒரு ஜில்லா. அதன் விஸ்தீரணம் 10,000 சதுர மைலுக்குச் சற்று அதிகம். அதாவது நமது தமிழ் நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய ஜில்லாவில், 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி, வசிப்பவர்கள் சுமார் 7,500 பேர்தான். நம் பக்கத்தில் ஒரு நடுத்தரமான தேர் உற்சவத்துக்கு இதைவிட அதிகக் கூட்டம் கூடிவிடும். அங்கே மனிதரைவிடப் பசுக்கள் பல மடங்கு அதிகம். பசுக்களைவிட அணில்கள் அதிகம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லுகிறார்கள். இந்த மூன்று சாராருக்கும் நடுவே, தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அந்த வழக்கு நடக்கும் இடத்தை நேரில் பார்த்துவரும் வாய்ப்பு எங்களுக்குச் சென்ற ஏப்ரல் மாதத்தில் கிடைத்தது.

எங்கள் தம்பி சில வருஷங்களாகப் பக்கத்து மாகாணமாகிய ஐடஹோவில், பாய்ஸி என்னும் நகரத்தில் உத்தியோகம் பார்த்து வருகிறான். விடுமுறைக்குக் குடும்பத்துடன் வந்து போகும்படி ஆண்டுதோறும் வற்புறுத்திக்கொண்டிருந்தான். இவ்வருஷம் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு, நாங்கள் இருவரும் எங்கள் பெண்ணுமாகப் புறப்பட்டுப் போனோம். போய்ச் சேர்ந்த நாலாம் நாள், "சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேட்டைக்குப் போகிறோம்" என்றான் தம்பி.

வேட்டை என்றதும் யானை மேல் அம்பாரியும், பறையடித்துக் காட்டைக் கலைப்பவர்களும், புலியின் உறுமலும் எங்கள் மனக்கண் முன் வந்து நின்றன. விசாரித்ததில், நாங்கள் வேட்டையாடப் போகும் மிருகத்தின் எடை அரை ராத்தலிலிருந்து முக்கால் ராத்தல் வரை என்று தெரிந்தது. அது தரையில் வளை தோண்டி வாழும் ஒருவகை அணில்.

தம்பியின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அமெரிக்காவிலேயே பிறந்தவன். வேட்டைக் கல்வி என்று அங்கே நடத்தும் வகுப்பில் படித்துப் பரீட்சையிலும் தேறியிருந்தான். இந்த முறை அவன் கையில் முதன் முதலாகத் துப்பாக்கி வரப்போகிறது. இது விஷயமாக வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. "இந்த ஊரில் பிறந்தவன், இந்த ஊரார் செய்வதை அறியாதவனாக வளரக் கூடாது" என்பது தம்பியின் கட்சி. "அறிவது வேறு, கொல்வது வேறு. உயிரை எடுப்பது ஒரு தடவை பழகிவிட்டால் அந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?" என்பது அவன் மனைவியின் கட்சி. நியாயம் சொல்லும்படி இருவரும் எங்களைப் பார்த்தார்கள். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லோரையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கமில்லை என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டோம்.

பாய்ஸியிலிருந்து ஹார்னி ஜில்லாவின் தலைநகராகிய பர்ன்ஸ் என்னும் சிற்றூருக்குச் சுமார் 190 மைல். வழியில் வேல், ஜுண்டூரா முதலிய ஊர்களைக் கடந்தால், அடுத்தடுத்து இரண்டு கணவாய்கள் வருகின்றன. முதலாவதற்குக் குடிநீர்க் கணவாய் என்று பொருள்படும் பெயர்; இரண்டாவதற்கு நாற்றநீர்க் கணவாய் என்று பொருள்படும் பெயர். தாகம் எடுத்தவர்கள் முதல் கணவாயிலேயே தீர்த்துக்கொள்வது உத்தமம் என்று எங்கள் பெண் சொன்னாள். ஹார்னி ஜில்லாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பிவைக்க வேண்டும். அந்நாட்டின் அகலம் அப்படி. வாழ்நாளில் போன பொழுது திரும்பி வராது என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை உபதேசித்திருக்கிறோம். அங்கே ஒரு மணி நேரம் திரும்பி வந்தது.

வழி நெடுக மரம் என்று சொல்லத்தக்கது அபூர்வம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் முழங்கால் உயரப் புதர்கள். அவற்றுக்கு 'சேஜ்' புதர் என்று பெயர். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தபோது, பழகிய மணம் ஏதோ வந்தது. அதில் வியப்பில்லை, நமது மருக்கொழுந்தும் அந்தப் புதரும் தாவர சாஸ்திரத்தின்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பூக்காரி கூடையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஆயிரக்கணக்கான சதுர மைலுக்கு விதைத்தாற்போல் இருந்தது அந்தப் பிரதேசம்.

கணவாயை விட்டு இறங்கினால் காட்சி மாறிவிடுகிறது. பர்ன்ஸ் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,100 அடி உயரத்தில், தட்டுப் போன்ற பெரும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலுமுள்ள மலைகளில் உருகும் பனி இங்கே வந்து புல்வெளிகளில் பரந்து தேங்குகிறது. அந்தத் தண்ணீரை நாடி, வசந்த காலத்தில் பல்லாயிரம் வெள்ளை வாத்துக்கள் வந்து தங்கி வடக்கே போகின்றன. நாங்கள் போன சமயம் பெருங்கூட்டம் போய்விட்டது. நெடிய கால்களையுடைய நாரைகள் மட்டும் ஜோடி ஜோடியாக நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தன. இந்தப் பறவைகளுக்காகவே 1908-ம் வருஷத்தில், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இங்கே மால்யூர் சரணாலயத்தை ஏற்படுத்தினார். அருகிலுள்ள கிரேன் என்ற குக்கிராமத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி உண்டு. பண்ணைகள் வெகு தொலைவில் இருப்பதால், பிள்ளைகள் வாரத்தில் பள்ளி நாட்களைப் பள்ளிக்கூட விடுதியிலேயே கழிக்கிறார்கள். சர்க்காரே நடத்தும் விடுதிப் பள்ளி அந்நாட்டில் மிக அபூர்வம். நாங்கள் போன பண்ணையின் பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள்தாம்.

பண்ணைக்காரர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பண்ணையில் உழைக்கிறார்கள். எங்கள் தம்பியின் நண்பர் ஒருவர் மூலம் பழக்கம். தொப்பியை எடுத்துவிட்டு எங்களை வரவேற்ற பெரியவர், "அணில்களைப் பார்க்க வந்தீர்களா, சுட வந்தீர்களா?" என்று கேட்டார். "இரண்டு கட்சியினரும் வந்திருக்கிறோம்" என்றோம். "அப்படியானால் முதலில் பாருங்கள்" என்று சொல்லி, வண்டியில் ஏற்றி வயலுக்கு அழைத்துப் போனார்.

வயல் என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர். அதில் விளைவது நம் நாட்டில் குதிரை மசால் என்று வழங்கும் பயிர். பனிக்காலம் முடிந்து அப்போதுதான் துளிர்த்து, நாலு விரற்கடை உயரம் வளர்ந்திருந்தது. அந்தப் பச்சைக் கம்பளத்தில் ஆங்காங்கே புதுமண் குவியல்கள். குவியல்களுக்குப் பக்கத்தில் யாரோ முளைக்குச்சிகளை அடித்து வைத்திருப்பதுபோல் தோன்றியது. வண்டி நெருங்கியதும் முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன. எங்கள் பெண் கை கொட்டிச் சிரித்தாள். இந்தப் பிராணி ஆபத்து ஏதாவது வருகிறதா என்று பார்ப்பதற்குப் பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கைகளை மார்போடு சேர்த்து, விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். குதிரையைக் கட்டும் முளைக்குச்சி என்றே இதற்கு அங்கே ஒரு செல்லப் பெயரும் உண்டு.

சாஸ்திரக்காரர்கள் இதைப் பெல்டிங் தரை அணில் என்று அழைக்கிறார்கள். கலிபோர்னியாவில் வாழ்ந்த லைமன் பெல்டிங் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரின் பெயரை, 1888-ம் வருஷத்தில் மெரியம் என்ற விலங்கியல் அறிஞர் இதற்குச் சூட்டினார். உடல் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். முதுகில் செம்பழுப்பாக ஒரு பட்டை. நமது அணிலின் மூன்று கோடுகளும் இல்லை; பஞ்சு போன்ற நீண்ட வாலும் இல்லை. ஆனால் இரண்டு கைகளாலும் இலையைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகக் கொறிக்கும் விதத்தைப் பார்த்தால், உறவு முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளங்கிவிடும்.

இதன் வாழ்க்கையில் மிகப் பெரிய பகுதி தூக்கம். கோடையின் நடுவிலேயே வளைக்குள் போய்ப் படுத்துவிட்டால், அடுத்த வசந்தத்தில்தான் எழுந்து வரும். வருஷத்தில் ஏழு எட்டு மாதம் உறக்கம். உடல் குளிர்ந்து, இருதயத் துடிப்பு மிகக் குறைந்து, உயிர் இருக்கிறதா என்று ஐயப்படும்படி கிடக்கும். எஞ்சிய நாலைந்து மாதத்துக்குள் இணை சேர்ந்து, குட்டி போட்டு வளர்த்து, அடுத்த தூக்கத்துக்கு வேண்டிய கொழுப்பையும் உடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண் அணில் இணை சேர்வது வருஷத்தில் ஒரே நாளில் சில மணி நேரந்தான். அவ்வளவு அவசர வாழ்க்கை உள்ள பிராணி, துளிர் விட்ட குதிரை மசால் வயலைக் கண்டால் சும்மா இருக்குமா?

பண்ணைக்காரரின் கட்சியை இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளத்தாக்கில் பனிக்காலம் நீண்டது. அப்போது பசுக்களுக்கு மேய்ச்சல் கிடையாது. கோடையில் அறுத்து உலர்த்திக் கட்டி வைத்த தீவனத்தைப் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். அந்தத் தீவனத்தைத்தான் அணில்கள் முளையிலேயே மேய்கின்றன. தின்பது ஒரு நஷ்டம். தோண்டிய மண்குவியலில் அறுப்பு இயந்திரத்தின் கத்திகள் மோதி உடைவது மற்றொரு நஷ்டம். வாய்க்கால் கரையில் வளை தோண்டினால் தண்ணீர் ஒழுகிப் போகிறது. அணிலைப் பிடிக்கப் பேட்ஜர் என்னும் பிராணி வந்து, அதே வளையைக் குடம் நுழையும் அளவுக்கு அகலமாக்கிவிடுகிறது. "பயிரைக் காப்பதற்கு விஷம் வைக்கலாம்; வளைக்குள் புகை விடலாம்; பொறி வைக்கலாம்; சுடலாம். எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். விஷம் யாரைக் கொல்லும் என்று வைத்தவனுக்கே தெரியாது. துப்பாக்கி பிடிப்பவனுக்கு யாரைக் கொல்கிறோம் என்றாவது தெரியும்" என்றார் பெரியவர்.

இதைக் கேட்கும்போது நம் நாட்டு வயல் எலியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கதிர்களை வளைக்குள் சேர்த்து வைக்கும் எலியைப் பிடிக்க நம் உழவரும் இருளரை அழைக்கிறார்கள். அவர்கள் வளையைத் தோண்டி எலியைப் பிடித்து, பதுங்கிய நெல்லையும் மீட்டு, இரண்டையும் உணவாக்கிக் கொள்கிறார்கள். ஆகையால் உழவன் வயலைக் காப்பதை அந்நிய தேசத்துக் கொடுமை என்று நாம் தள்ளிவிட முடியாது. வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே சுட்ட அணிலை இப்போது யாரும் உண்பதில்லை. வசந்த காலத்தில் நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, பண்ணைக்காரருக்குக் கட்டணமும் கொடுத்து, நாள் முழுதும் சுட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். இந்தப் பிராணியை இத்தனைதான் கொல்லலாம் என்ற வரையறை சட்டத்தில் இல்லை. எங்கள் பெரியவர் மட்டும் கட்டணம் வாங்குவதில்லை. "காசு வாங்கினால் நான் அவர்களுக்கு வேலைக்காரன், வாங்காவிட்டால் என் வயலில் என் சட்டம்" என்பது அவர் வாதம்.

அந்தச் சட்டம் கடுமையானதுதான். சுடுவதற்கு முன் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று யார் சொன்னாலும், இருப்பதாகவே எண்ணிக் கையாள வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் அதன் வாய் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கும் வரை விரல் விசையின் மேல் போகக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் சுடக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. பையன் கையில் கொடுத்தது 'இருபத்திரண்டு' என்று எண்ணால் வழங்கும் சிறு துப்பாக்கி. சிறியதென்று பெயர்; அதன் குண்டு ஒன்றரை மைல் வரை போகக் கூடும் என்று தோட்டாப் பெட்டியின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. பெரியவர் ஒவ்வொரு விதியையும் பையனைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவன் நாலாவது விதியில் ஒரு சொல்லை விட்டதும், முதல் விதியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் செய்தார். வாய்பாடு ஒப்பிக்கச் செய்யும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அவர் மேல் பெருமதிப்பு உண்டாயிற்று.

நாங்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. சுற்றுலாவுக்காக வந்த அயல் நாட்டார், வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாவிட்டால் துப்பாக்கியை வைத்திருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். எங்கள் பெண் கையில் பைனாகுலரையும் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, பெரியவரின் பேத்தியோடு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

பையனின் முதல் குண்டு மண்ணில் பட்டுப் புழுதி கிளப்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை, சுமார் எழுபது கஜத் தூரத்தில் நிமிர்ந்து நின்ற முளைக்குச்சி ஒன்று சாய்ந்தது. தம்பி, "பலே!" என்று கூவப் போனவன், மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை அகற்றிவிட்டு, "வா, போய்ப் பார்ப்போம்" என்றார். அவர் வயலில் அதுதான் சட்டம். முதன் முதல் சுடும் பிள்ளை, தான் சுட்டதை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். தம்பியும் அவன் மனைவியும் நாங்களும் பின்னால் போனோம்.

அது ஒரு பெண் அணில். வாயில் மென்ற பசுந்துளிர் இன்னும் இருந்தது. பையன் அதைக் கையில் எடுத்தான். "இதற்குக் குட்டி இருக்குமா?" என்று எங்கள் பெண் வண்டியின் மேலிருந்து கேட்டாள். பெரியவர் மழுப்பவில்லை. "இந்தப் பருவத்தில் பெரும்பாலும் இருக்கும். வளைக்குள் இருக்கும். அவை பிழைப்பது அரிது" என்றார். யாரும் சிறிது நேரம் பேசவில்லை. தம்பி மனைவி மகன் தோளில் கை வைத்தாள். அவன் கையை உதறவும் இல்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அந்த நிசப்தத்தில்தான் நாங்கள் வயலின் ஓசையைக் கவனித்தோம். எங்களைச் சுற்றிலும் நாலா திசையிலும், சில்வண்டின் ஒலிபோல் தொடர்ச்சியாக ஒரு கூவல். மனிதன், நாய், பேட்ஜர் முதலிய தரையில் நடந்து வரும் பகையைக் கண்டால் இந்த அணில் அடுக்கடுக்காகக் கூவும். வானத்தில் பருந்தைக் கண்டால் வேறு விதமாக, விசில் அடித்தாற்போல் ஒலிக்கும். கூவுகிறவர் யார் என்று கண்டுபிடித்தவர் பால் ஷெர்மன் என்னும் விலங்கியல் அறிஞர். 1974 முதல் கலிபோர்னியாவில் டையோகாக் கணவாயில், பதினாயிரம் அடி உயரத்துப் புல்வெளி ஒன்றில் இவர் இந்த அணில்களுக்கு அடையாளமிட்டு, எது யாருக்கு மகள், எது யாருக்குச் சகோதரி என்று குறித்து வைத்துக்கொண்டு, தம் உதவியாளர்களுடன் மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் கவனித்தார்.

அவர் 1977-ம் வருஷத்தில் வெளியிட்ட முடிவு விலங்கியலில் புகழ் பெற்றது. ஆண் அணில்கள் பிறந்த இடத்தை விட்டு வேறிடம் போய்விடுகின்றன. பெண் அணில்கள் தாயின் வளைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. தரையில் பகை வரும்போது எழுந்து நின்று கூவுவது பெரும்பாலும் பெண் அணில்களே. அவற்றிலும் தாயோ, மகளோ, சகோதரியோ அருகில் உள்ளவையே அதிகமாகக் கூவுகின்றன. கூவுகிற அணிலைத்தான் பகைவிலங்கு முதலில் நோக்கிப் பாய்கிறது. தன்னைக் காட்டிக்கொடுத்தாவது உறவினரைக் காக்கும் குரல் அது. ஆனால் இந்தப் பிராணியை முற்றும் துறந்த தியாகி என்று எண்ணிவிடவும் கூடாது. சமயம் வாய்த்தால் உறவில்லாத அணிலின் குட்டிகளைக் கொல்லவும் தயங்காது என்பதையும் அவரே கண்டு எழுதியிருக்கிறார். உறவினரிடம் அன்பும் அயலாரிடம் பகையும் கலந்த குடும்பஸ்தர்கள். சுருங்கச் சொன்னால், நமக்கு வெகு தூரத்து உறவினர் அல்ல.

அந்தப் பிரதேசத்தில் இந்தப் பிராணியை அணில் என்று யாரும் சொல்வதில்லை. 'சேஜ் எலி' என்றே சொல்கிறார்கள். அணில் என்ற பெயருக்குச் சற்றுத் தாட்சண்யம் காட்டுகிற மனம், எலி என்றால் காட்டுவதில்லை. பெயரை மாற்றி மனத்தைக் கல்லாக்கும் வித்தை உலகத்துக்குப் புதிதன்று. 1918-ம் வருஷத்தில், முதல் உலக மகாயுத்த காலத்தில், கலிபோர்னியா சர்க்கார் 'அணில் வாரம்' ஒன்று கொண்டாடினார்கள். அங்குள்ள மற்றொரு வகைத் தரை அணிலைத் தானியம் திருடும் எதிரி என்று சொல்லி, ஜெர்மன் சிப்பாயின் ஈட்டித் தொப்பியை அணிலின் தலையில் மாட்டிப் படம் வரைந்து, பள்ளிப் பிள்ளைகளைப் பட்டாளமாகத் திரட்டினார்கள். பார்லியில் விஷம் கலக்கும் முறையையும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதிகமான வால்களைக் கொண்டுவரும் பள்ளிக்கூடத்துக்குப் பரிசு. அந்த வாரத்தில் பிள்ளைகள் கொண்டுவந்து குவித்த வால்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த வால்களை எண்ணி வாங்கியவர்களில் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது உடல் கூசுகிறது. பயிரைக் காக்க வேண்டியது அவசியமாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் கையில் விஷத்தைக் கொடுத்து, கொல்வது எதை என்று அது காணாதபடி முகத்தில் வேறு முகமூடியை மாட்டிக் காட்டியது கல்வியாகாது.

யார் திருடர், யார் சொந்தக்காரர் என்று பார்க்கப் போனால், அந்தப் பள்ளத்தாக்கில் வழக்கு இன்னும் சிக்கலாகிறது. குதிரை மசால் ஆசியாவிலிருந்து போனது. பசு ஐரோப்பியரோடு போனது. அணிலோ அந்த மண்ணுக்கே உரியது. அதைப் போலவே அந்த மண்ணுக்கு உரியவர்கள் பையூட் என்னும் ஆதிகுடிகள். ஏரிக்கரையில் விளையும் 'வாடா' என்ற விதையை உண்போர் என்பதே அவர்களில் ஒரு கிளையாரின் பெயர். தரை அணிலும் அவர்களுடைய உணவில் சேர்ந்திருந்தது. அவர்கள் உண்பதற்காகவே பிடித்தார்கள். 1872-ம் வருஷத்தில் மால்யூர் ஒதுக்கு நிலம் என்று அவர்களுக்குத் தனியிடம் ஏற்பட்டது. 1878-ம் வருஷத்து யுத்தத்துக்குப் பிறகு அதுவும் போயிற்று. 1879-ம் வருஷ ஆரம்பத்தில், கொடும் பனியில், குழந்தை குட்டிகளோடு சுமார் 350 மைல் வடக்கே உள்ள யக்கமாவுக்கு அவர்களைக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் திரும்பி வந்தவர்களின் சந்ததியார் இன்று பர்ன்ஸ் ஊரை அடுத்து வாழ்கிறார்கள். மண்ணுக்குரியவரை இடைஞ்சல் என்று ஒரு முறை பெயரிட்டுவிட்டால் பிறகு நடப்பது என்ன என்பதை அந்நியர் ஆட்சியை அனுபவித்த தேசத்தார் விளக்கிக் கேட்க வேண்டியதில்லை. பெரியவர் இந்தச் சரித்திரத்தை மறைக்காமல் எங்களுக்குச் சொன்னார்.

மாலையில் பையன் மீண்டும் வயலுக்குப் போனான். மேலும் மூன்று அணில்களைச் சுட்டான். ஒவ்வொன்றையும், யாரும் சொல்லாமலே, நடந்து போய் எடுத்து வந்தான். நாலாவதைக் கொண்டுவந்து வைத்ததும், கற்ற விதிப்படி தோட்டாவை அகற்றிக் காட்டி, துப்பாக்கியைப் பெரியவரிடம் நீட்டி, "போதும்" என்றான். தம்பி முகத்தில் ஏமாற்றமும், அவன் மனைவி முகத்தில் நிம்மதியும் ஒரே கணத்தில் தோன்றின. பெரியவர் சொன்னது இரண்டு பேருக்குமே எதிர்பாராத தீர்ப்பு: "போதும் என்று தெரிந்தவன் கையில்தான் அடுத்த வருஷமும் துப்பாக்கியைக் கொடுப்பேன்."

சுட்ட அணில்களை அவர் வயலில் கிடக்க விடுவதில்லை. அதற்கும் காரணம் உண்டு. பொன்னிறக் கழுகும், அண்டங்காக்கையும், ஆர்ஜண்டைனா தேசத்திலிருந்து பல்லாயிரம் மைல் பறந்து வசந்தத்தில் இங்கே வரும் ஸ்வைன்ஸன் பருந்தும் இந்த அணில்களை விரும்பி உண்கின்றன. ஈயக் குண்டு உடலுக்குள் சிதறித் துணுக்குகளாகத் தங்குகிறது. அந்த மாமிசத்தைத் தின்னும் பறவைகளுக்கு ஈயம் விஷம். கலிபோர்னியாவில் 2019-ம் வருஷம் ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடுத்துவிட்டார்கள். ஆரிகனில் அப்படிப் பொதுத் தடை இல்லாவிட்டாலும், எங்கள் பெரியவர் செம்புக் குண்டையே வாங்குகிறார். விலை அதிகம், குறியும் அவ்வளவு சுத்தமாக விழுவதில்லை என்று அவர் மகன் முணுமுணுக்கிறார். "எனக்காக எலி பிடிக்கும் பருந்துக்கு நான் கொடுக்கும் சம்பளம் அது" என்கிறார் பெரியவர். அணிலே இல்லாத வயல் தமக்கு வேண்டாம் என்றும், அறுப்புக்கு மிச்சம் வைக்கும் அணில்கள் இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

இரவு போஜனத்தின்போது எங்கள் பெண் தன் குறிப்புப் புத்தகத்தைப் படித்துக் காட்டினாள். எத்தனை அணில்கள் எழுந்து நின்று கூவின, எத்தனை ஓடி ஒளிந்தன, பருந்து வந்தபோது என்ன ஒலி என்று, நிமிஷக் கணக்கோடு எழுதியிருந்தாள். பெரியவரின் பேரன் அதைக் கேட்டுவிட்டு, இத்தனை வருஷமாக அந்த ஓசையை ஒரே ஓசை என்று எண்ணியிருந்ததாகச் சொன்னான். தம்பியும் அவன் மனைவியும் ராஜியானார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. பையனைக் கெடுக்கவில்லை என்பது தம்பியின் கட்சியாகவும், அவன் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்பது அவன் மனைவியின் கட்சியாகவும் இன்னும் இருந்து வருகின்றன. எங்களைக் கேட்டால், அவன் தூங்காததையும் அவன் கற்ற பாடத்தில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்வோம். உயிரை எடுத்தே தீர வேண்டிய தொழில்கள் உலகத்தில் உண்டு. நாம் உண்ணும் ஒவ்வொரு பிடி அன்னத்துக்குப் பின்னாலும் அவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிறவன் நடந்து போய்ப் பார்க்கிறவனாக இருக்க வேண்டும் என்பதே அந்த வயலின் சட்டம். அது எல்லா ஊருக்கும் ஏற்ற சட்டம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரை அச்சாகி வரும் ஐப்பசி மாதத்தில், ஹார்னிப் பள்ளத்தாக்கில் உறைபனி விழத் தொடங்கியிருக்கும். குதிரை மசால் அறுப்பெல்லாம் முடிந்து, தீவனக் கட்டுகள் வீடு உயரத்துக்கு அடுக்கப்பட்டு நிற்கும். பசுக்கள் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கி வந்திருக்கும். ஸ்வைன்ஸன் பருந்துகள் ஆர்ஜண்டைனாவை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். வயலுக்கு அடியில், தாயின் வளைக்குப் பக்கத்து வளையில் மகள் அணில்கள் உருண்டையாகச் சுருண்டு உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எழுப்ப இன்னும் நாலைந்து மாதங்களுக்கு யாராலும் முடியாது. பெரியவர் எழுதிய கடிதத்தில், இந்த வருஷம் தீவனம் பசுக்களுக்குப் போதிய அளவு கிடைத்தது என்றும், வாய்க்கால் கரையில் ஒரு பேட்ஜர் குடி வந்திருக்கிறது என்றும், அதைத் தாம் ஒன்றும் செய்யப் போவதில்லை என்றும் குறித்திருக்கிறார்.